தடித்த தந்தி உறுமுவது ஏன்?

ஜவ்வாது மலை அடிவாரத்துப் பாட்டு சொல்லும் இசை ரகசியம்

பேஸ் கிதாரைப் பார்த்திருக்கிறீர்களா?

கோவில் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி நடக்கும். மேடையில் ஒரு பக்கம் தபேலா. இன்னொரு பக்கம் கீபோர்டு. ஓர் ஓரத்தில், நீண்ட கழுத்துடைய கிதாரை மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர் பாடுவதில்லை, ஆடுவதில்லை. அவர் கையில் நாலே நாலு தந்திகள். அவற்றை விரலால் சுண்டிக்கொண்டே இருப்பார்.

அவர் வாசிப்பது பலருடைய காதில் தனியாக விழுவதே இல்லை. ஆனால் அவர் கையை எடுத்துவிட்டால், பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு மாதிரி ஆகிவிடும்! 1976-ல் "அன்னக்கிளி" படத்தின் மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். பாட்டுக்கு அடியில், கனத்த குரலில், இன்னொரு சிறிய பாட்டு தன் வழியே நடந்து போகும். அதுதான் பேஸ் கிதார்.

அந்த நாலு தந்திகளையும் உற்றுப் பாருங்கள். நான்கும் ஒரே நீளம். ஆனால் பருமன் வேறு வேறு. கடைசித் தந்தி முதல் தந்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தடிமன்.

மெல்லிய தந்தி கூவுகிறது. தடித்த தந்தி உறுமுகிறது. இது ஏன்?

இந்தக் கேள்வி நேற்றுப் பிறந்தது அல்ல. கிதார் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, தமிழ்நாட்டில் நரம்பைத் தடவிப் பார்த்து, காதால் கேட்டு, பொறுக்கி எடுத்துக் கட்டியவர்கள் இருந்தார்கள். அதற்குச் சாட்சி ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது.

மலையைப் பாடிய பாட்டு

ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. சாமை விளையும் மலை. பலாவும் தேனும் கிடைக்கும் மலை. காவலூரில் நட்சத்திரங்களை ஆராயும் பெரிய தொலைநோக்கி இருப்பதும் இந்த மலையில்தான். செய்யாறு பிறப்பதும் இங்கேதான். அந்த ஆறு மலையை விட்டு இறங்கிச் செங்கம் என்ற ஊர் வழியாக ஓடுகிறது.

சங்க காலத்தில் அந்தச் செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு நன்னன் என்ற மன்னன் ஆண்டான். அவன் மீது பெருங்கௌசிகனார் என்ற புலவர் ஒரு பாட்டுப் பாடினார். அதன் பெயர் மலைபடுகடாம். மொத்தம் 583 வரிகள். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு அது.

பரிசு பெற்று வந்த கூத்தன் ஒருவன், வழியில் கண்ட ஏழைக் கூத்தனிடம், "நீயும் நன்னனிடம் போ, உன் வறுமை தீரும்" என்று வழி சொல்வதுதான் அந்தப் பாட்டு. மலை வழியில் என்னென்ன ஓசை கேட்கும் என்று ஒவ்வொன்றாக அவன் சொல்கிறான். அருவியின் ஓசை, தேன் எடுப்பவர்களின் ஆரவாரம், கரும்பு ஆலையின் சத்தம், தானியம் குத்தும் பெண்களின் பாட்டு... இப்படி நீள்கிறது பட்டியல். மலையையே ஒரு வாத்தியமாக்கிக் காட்டிய பாட்டு அது!

கூத்தர்கள் வாத்தியங்களைப் பையில் போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல், எல்லரி, பதலை என்று பல வாத்தியங்கள். அந்தப் பைகள், பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல் இருந்தனவாம்.

எல்லாவற்றிலும் பெரியது பேரியாழ்.

கடுகளவும் பிசகக் கூடாது

யாழை இன்று நாம் படத்தில்தான் பார்க்கிறோம். வில்லைப் போல வளைந்த கொம்பு. கீழே தோல் போர்த்த பத்தர். இரண்டுக்கும் நடுவே வரிசையாக நரம்புகள். வீணையில் ஒரே தந்தியை விரலால் அழுத்திப் பல சுரங்கள் வாசிக்கலாம். யாழில் அப்படி அல்ல. ஒரு சுரத்துக்கு ஒரு நரம்பு. பேரியாழுக்கு 21 நரம்புகள் என்று பழைய உரைகள் சொல்கின்றன.

மலைபடுகடாம் பாடிய புலவர், அந்த யாழை எப்படிச் செய்தார்கள் என்று விவரமாகச் சொல்கிறார். களாப்பழம் போல் கறுத்த கொம்பு. பொன்னிறத் தோல் போர்வை. வரகு மணி போன்ற நுண்ணிய துளைகள்.

நரம்பைப் பற்றி அவர் சொல்வதுதான் நமக்கு முக்கியம். அந்த நரம்பு முறுக்கிய நரம்பு. சிக்கும் முடிச்சும் நீங்கும்படி அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொன்றின் குரலையும் காதால் கேட்டுக் கேட்டுக் கட்டியிருக்கிறார்கள். சிறு கடுகின் அளவுகூட ஓசை பிசகாமல் கட்டினார்களாம்!

முறுக்குவது ஏன்? முடிச்சை நீக்குவது ஏன்? இதெல்லாம் வெறும் அலங்கார வார்த்தைகளா? இல்லை. இன்றைக்குப் பேஸ் கிதார்த் தந்தி செய்யும் தொழிற்சாலைகளும் இதே இரண்டு நோக்கங்களோடுதான் வேலை செய்கின்றன. அதன் காரணத்தைப் பார்ப்போம்.

மூன்று விதிகள்

ஒலி என்பது அதிர்வு. தந்தி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறதோ, அதைப் பொறுத்தே சுரம். அதிகம் அதிர்ந்தால் மேல் சுரம். குறைவாக அதிர்ந்தால் கீழ்ச் சுரம்.

அதிர்வை நிர்ணயிக்கும் விதிகளை 1636-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதி வைத்தார். கணக்கிலும் இசையிலும் கெட்டிக்காரர் அவர். அந்த விதிகள் மூன்று.

ஒன்று, நீளம். தந்தியைப் பாதியாக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகும். அதாவது கீழ் 'ஸ' மேல் 'ஸ' ஆகிவிடும்.

இரண்டு, இழுப்பு. முறுக்காணியைத் திருகி இழுத்தால் சுரம் ஏறும். ஆனால் அதிர்வை இரண்டு மடங்காக்க, இழுப்பை நாலு மடங்காக்க வேண்டும்.

மூன்று, பருமன். ஒரே உலோகத்தில் செய்த தந்தி இரண்டு மடங்கு தடித்தால், அதிர்வு பாதியாகும்.

இதை ஊஞ்சலை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. தலையாட்டும் மாட்டை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கன்றுக்குட்டி தலையைச் சட்சட்டென்று ஆட்டும். கிழ எருமை மெல்லத்தான் ஆட்டும். கனமான பொருளை அசைப்பதற்கு நேரம் பிடிக்கிறது. தந்தியும் அப்படித்தான். கனம் கூடினால் அசைவு மந்தமாகும், சுரம் இறங்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்

இதை நம்புவதற்கு விஞ்ஞானக் கூடம் வேண்டாம். தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். அரை மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு கொஞ்சம், ஒரு மில்லிமீட்டர் தங்கூஸ் நரம்பு கொஞ்சம் வாங்குங்கள்.

மேஜையின் ஒரு பக்கத்தில் இரண்டையும் உறுதியாகக் கட்டுங்கள். மேஜை மேல் நீளவாட்டில் கொண்டுவந்து, மறு ஓரத்தில் தொங்கவிடுங்கள். மேஜைமேல் இரண்டு அடி இடைவெளியில் இரண்டு பென்சில்களைக் குறுக்கே, நரம்புகளுக்கு அடியில் செருகுங்கள். தொங்கும் முனைகளில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒவ்வொன்று கட்டுங்கள். பாட்டில் தரையை ஒட்டித் தொங்கட்டும். குழந்தைகள் காலை அடியில் நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சுண்டிப் பாருங்கள். தடித்த நரம்பு கீழ்ச் சுரத்தில் முனகும். மெல்லிய நரம்பு மேல் சுரத்தில் பேசும். இழுப்பும் நீளமும் ஒன்றே. பருமன் மட்டும்தான் வேறு!

அடுத்து, தடித்த நரம்பில் மட்டும் பாட்டில்களை நாலாக்குங்கள். சுண்டுங்கள். இரண்டும் ஒரே சுரத்துக்கு வந்துவிடும். மெர்சென் சொன்ன விதி உங்கள் வீட்டு மேஜையில் நிரூபணமாகிவிட்டது!

ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்த கிதார்

இன்று நாம் காணும் வடிவிலான பேஸ் கிதார் பிறந்தது 1951-ல். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பவர் அதைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது!

அதற்கு முன்னே கனத்த சுரங்களுக்கு டபிள் பேஸ் என்ற வாத்தியம் இருந்தது. வயலினைப் போன்ற உருவம். ஆனால் ஆள் உயரம். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டும் கிதாராக மாற்றினார். தந்தியின் நீளம் சுமார் 86 சென்டிமீட்டர். அதிர்வைக் காந்தம் மின்சாரமாக்கும். மின்சாரத்தை ஒலிபெருக்கி ஓசையாக்கும்.

வழக்கமாக விற்கும் ஒரு தந்திக் கட்டின் கணக்கைப் பாருங்கள்:

முதல் தந்தி: பருமன் 1.14 மில்லிமீட்டர். விநாடிக்கு 98 அதிர்வு.
இரண்டாம் தந்தி: 1.65 மில்லிமீட்டர். 73 அதிர்வு.
மூன்றாம் தந்தி: 2.16 மில்லிமீட்டர். 55 அதிர்வு.
நான்காம் தந்தி: 2.67 மில்லிமீட்டர். 41 அதிர்வு.

பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் ஒரு வேலை செய்யலாம். பருமனையும் அதிர்வையும் பெருக்கிப் பாருங்கள். நாலு தந்திக்கும் விடை 110-ஐயும் 120-ஐயும் ஒட்டியே வரும். பருமன் ஏற ஏற, அதிர்வு அதே கணக்கில் இறங்குகிறது.

இப்படி ஏன் செய்தார்கள்? நாலு தந்திக்கும் இழுப்பு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஒவ்வொரு தந்தியும் சுமார் 20 கிலோ எடை தொங்குவது போன்ற விசையில் இழுபடுகிறது. நாலும் சேர்ந்தால் 80 கிலோவுக்கு மேல். வாட்டசாட்டமான ஓர் ஆளின் எடை! அந்த மெல்லிய மரக் கழுத்து, ஓர் ஆளைச் சுமந்துகொண்டுதான் பாடுகிறது.

நாலும் ஒரே பருமனாக இருந்தால் என்ன ஆகும்? முதல் தந்தியையே தளர்த்தி, நான்காம் தந்தியின் சுரத்துக்கு இறக்குவதாக வைத்துக்கொள்வோம். இழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். துணி உலர்த்தும் கொடி மாதிரி தொய்ந்து, கிதாரின் மேட்டில் தட்டிக் கடகடக்கும். நான்காம் தந்தியை இழுத்து முதல் தந்தியின் சுரத்துக்கு ஏற்றினாலோ, அந்த ஒரு தந்தியின் இழுப்பே 100 கிலோவைத் தாண்டும். தந்தி அறும், அல்லது கழுத்து முறியும்.

ஆகவே கீழ்ச் சுரத்துக்குத் தடித்த தந்தி கட்டாயம் வேண்டும்.

இங்கேதான் சிக்கல்

"அப்படியானால் தடித்த இரும்புக் கம்பியைக் கட்டிவிட்டால் போதுமே?" என்று கேட்பீர்கள்.

போதாது! கட்டிப் பார்த்தால் அது பாடாது. மணி அடித்தது மாதிரி 'டங்' என்று கரகரத்துவிட்டு அடங்கிவிடும்.

காரணம் இதுதான். ஒரு தந்தியைச் சுண்டினால், அது முழுசாக மட்டும் அதிர்வதில்லை. பாதி பாதியாகவும் அதிர்கிறது. மூன்றில் ஒரு பங்காகவும், நாலில் ஒரு பங்காகவும் அதிர்கிறது. எல்லாம் ஒரே சமயத்தில்! 55 அதிர்வுள்ள தந்தியில் 110, 165, 220 என்று துணைச் சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அந்தக் கூட்டுக் குரலைத்தான் நம் காது ஒரே சுரமாகக் கேட்கிறது. வீணையின் குரல் வேறு, கிதாரின் குரல் வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறோமே, அது பெரும்பாலும் துணைச் சுரங்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதால்தான்.

துணைச் சுரங்கள் 2 மடங்கு, 3 மடங்கு, 4 மடங்கு என்று கணக்காக நின்றால் நாதம் இனிக்கும். அப்படி நிற்பதற்குத் தந்தி நன்றாக வளைந்து கொடுக்க வேண்டும்.

தடித்த கம்பி வளைந்து கொடுக்காது. கம்பி இரண்டு மடங்கு தடித்தால் அதன் கனம் 4 மடங்காகிறது. ஆனால் விறைப்போ 16 மடங்காகிறது! மூன்று மடங்கு தடித்தால் கனம் 9 மடங்கு. விறைப்பு 81 மடங்கு! அது தந்தியாக இருப்பதை விட்டுவிட்டுத் தடியாக மாறத் தொடங்குகிறது. அப்போது துணைச் சுரங்கள் கணக்கை விட்டு மேலே ஏறிவிடும். கோஷ்டியாகப் பாடும்போது நாலு பேர் சுருதி விலகி மேலே போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

நமக்கு வேண்டியது கனம். வேண்டாதது விறைப்பு. கனம் கூட வேண்டும். விறைப்பு கூடக் கூடாது. இது எப்படி முடியும்?

தேர் வடம் சொல்லும் பாடம்

தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தேர் வடம் கை பருமன் இருக்கும். ஆனாலும் அதை வளைத்துச் சுருட்டி வைக்கிறார்கள். அதே பருமனில் ஒரு மரக் கட்டையை வளைக்க முடியுமா? முடியாது. வடம் ஏன் வளைகிறது? அது ஒரே துண்டு அல்ல. பல மெல்லிய நார்களை முறுக்கிச் செய்தது. ஒவ்வொரு நாரும் மெலிசு. ஆகவே ஒவ்வொன்றும் வளைகிறது.

இப்போது மலைபடுகடாத்து யாழை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய நரம்பு என்றார் அல்லவா புலவர்? பல இழைகளை ஒன்றாக முறுக்கினால், கனமும் வரும், வளைவும் இருக்கும். நெடுங்காலம் உலகம் முழுவதும் தடித்த நரம்புக்கு இதுதான் வழி.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் இன்னொரு வழி கண்டுபிடித்தார்கள். நடுவில் மெல்லிய நரம்பு. அதன் மேல் உலோக இழையை நெருக்கமாகச் சுற்றிவிட்டார்கள். இழுப்பைத் தாங்குவது நடு நரம்பு. கனத்தைத் தருவது மேல்சுற்று. சுற்று, சுருள்வில் மாதிரி இருப்பதால் வளைவைத் தடுப்பதில்லை. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

இன்று பேஸ் கிதாரின் நாலு தந்திகளும் இப்படிச் செய்தவைதான். நடுவே மெல்லிய எஃகு. மேலே நிக்கல் பூசிய எஃகு இழையோ, எஃகு இழையோ சுற்றியிருக்கும். பியானோவின் கீழ்ச் சுரத் தந்திகளில் தாமிர இழை சுற்றியிருக்கும்.

நம் வீணையும் தம்புராவும்

நம் முன்னோர்கள் வேறொரு உபாயமும் கையாண்டார்கள். தம்புராவில் நாலு தந்திகள். கடைசித் தந்தி மந்தர 'ஸ'. மற்றவை எஃகு, இது மட்டும் பித்தளை. ஏன்? பித்தளை எஃகைவிடச் சற்றுக் கனம். ஆனால் விறைப்பு எஃகில் பாதிதான். கனம் உண்டு, விறைப்பு இல்லை. கீழ்ச் சுரத்துக்குப் பொருத்தமான உலோகம் அது!

தஞ்சாவூர் வீணையிலும் வாசிக்கும் தந்திகள் நாலுதான்: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். சாரணி மெலிசு. அனுமந்தரம் தடிமன். அனுமந்தரத்தின் அதிர்வு சாரணியின் அதிர்வில் எட்டில் மூன்று பங்கு. பேஸ் கிதாரிலும் கடைசித் தந்தி முதல் தந்தியின் அதிர்வில் பாதிக்கும் குறைவு. பலா மரத்தில் குடைந்த வீணையும், கலிபோர்னியாவில் பிறந்த கிதாரும் ஒரே கணக்கில் நடக்கின்றன. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது நமக்குப் பெருமை.

நாதம் தந்தியின் பருமனோடு முடிந்துவிடுவதும் இல்லை. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1921-ல் வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்தார். அவற்றின் குதிரை அகலமானது, சற்று வளைவானது. தந்தி அதன்மேல் உரசி உரசி அதிர்வதால், வழக்கமான விதிப்படி எழக் கூடாத துணைச் சுரங்களும் எழுகின்றன என்று கண்டார். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலைச் செருகுகிறார்கள் அல்லவா? அதற்கு 'ஜீவா' என்று பெயர். நூலை நகர்த்தி, துணைச் சுரங்கள் பளிச்சென்று எழும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். உயிர் என்று பெயர் வைத்தவர் ரசிகர்தான்!

தந்தி வாங்கப் போகிறீர்களா?

வீட்டில் பிள்ளைகள் கிதாரோ வீணையோ கற்கிறார்கள் என்றால், பெற்றோர் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பேஸ் கிதார்த் தந்தியை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் விற்கிறார்கள். முதல் தந்தி 40 என்றால் மெல்லிய கட்டு. 45 நடுத்தரம். 50 தடித்தது.

அதே சுரத்துக்குத் தடித்த தந்தி கட்டினால், அதை அதிகம் இழுக்க வேண்டும். 45-க்குப் பதில் 50 கட்டினால், அந்தத் தந்தியின் இழுப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். ஐந்து எண்தானே வித்தியாசம் என்று நினைக்கக் கூடாது! கழுத்து மெல்ல முன்னால் வளையும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரி செய்ய வேண்டும். இது தெரிந்தவர் கையால் செய்ய வேண்டிய வேலை.

ஓசை எப்படி மாறும்? தடித்த தந்தியில் அடிச் சுரம் ஓங்கி நிற்கும். குரல் உருண்டு திரண்டு வரும். மெல்லிய தந்தியில் துணைச் சுரங்கள் மின்னும். குரல் பளிச்சென்று இருக்கும். ஆனால் பலமாகச் சுண்டினால் தட்டிக் கடகடக்கும்.

மேல்சுற்றிலும் வித்தியாசம் உண்டு. உருண்டை இழை சுற்றிய தந்தி பளிச்சென்று பேசும். தட்டை இழை சுற்றிய தந்தி மிருதுவாகப் பேசும். ஒரே பருமன்தான், குரல் வேறு!

கற்கத் தொடங்கும் பிள்ளைக்குத் தடித்த தந்தி வேண்டாம். விரல் நோகும். வீணையிலும் அப்படித்தான். கமகத்துக்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அளவுக்கு மேல் தடித்த சாரணியைக் கட்டிவிட்டால், இளம் விரல் புண்ணாகும். "பிள்ளைக்குச் சங்கீதம் வரவில்லை" என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுவார்கள். குற்றம் பிள்ளையுடையது அல்ல. தந்தியுடையது! பத்து ரூபாய் வித்தியாசத்துக்காகக் கையில் கிடைத்த தந்தியைக் கட்டாதீர்கள். வாத்தியம் செய்தவரையோ, கற்றுக் கொடுப்பவரையோ கேட்டு வாங்குங்கள்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியைத் துடைக்கச் சொல்லுங்கள். வியர்வையும் அழுக்கும் சுற்றின் இடுக்கில் புகுந்துகொள்ளும். அப்போது தந்தி ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் லேசாகவும் ஆகிவிடும். துணைச் சுரங்கள் கணக்குத் தவறும். தந்தி அறுந்திருக்காது, பார்வைக்கு முழுசாகவே இருக்கும். ஆனால் அதன் உயிர் போயிருக்கும்.

யாழ் போனது, சொல் நின்றது

சிக்கும் முடிச்சும் இல்லாத நரம்பு வேண்டும் என்று புலவர் ஏன் சொன்னார் என்பது இப்போது புரிகிறது அல்லவா? நரம்பில் ஒரே ஒரு முடிச்சு இருந்தால் போதும். அந்த இடம் கனத்துவிடும். முழு நரம்பின் குரலும் கெட்டுவிடும். கடுகளவு பிசகையும் காது கண்டுபிடித்துவிடும்.

யாழ் பிற்காலத்தில் வழக்கிழந்தது. நரம்பு மக்கும். தோல் மக்கும். மரமும் மக்கும். கூத்தர் தூக்கிச் சென்ற பேரியாழை இன்று நம்மால் கேட்க முடியாது.

அந்த யாழைப் பற்றிய சொல் மட்டும் ஓலையில் தங்கியிருந்தது. அதுவும் செல்லரித்துப் போயிருக்க வேண்டியதுதான். டாக்டர் உ.வே. சாமிநாதையர் ஓலைகளைத் தேடிச் சேர்த்து, 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்டார். மலைபடுகடாம் பிழைத்தது.

பிறகு இலங்கையில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் வந்தார். அவர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, தமிழ்ப் பேராசிரியர். பழைய நூல்களில் உள்ள யாழைக் கணக்கின் துணையோடு ஆராய்ந்து "யாழ் நூல்" எழுதினார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அந்த நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். தம் உயிரையே அந்த நூலில் வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது.

விரல் நுனியால் நரம்பைத் தடவி, முடிச்சைத் தேய்த்து, குரலைக் கேட்டுக் கட்டிய கூத்தருக்கு மெர்சென் விதி தெரியாது. 4 மடங்கு, 16 மடங்குக் கணக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடுமோ, அந்த இடத்துக்குக் காதைத் துணையாகக் கொண்டு அவர்கள் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

அடுத்த முறை திருவிழாக் கச்சேரிக்குப் போனால், ஓரத்தில் நிற்கும் அந்தப் பேஸ் கிதார்க்காரரைக் கொஞ்சம் கவனியுங்கள். அவருடைய தடித்த தந்தி உறுமும்போது, அது தடித்திருப்பதால் மட்டும் இனிக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கனத்தைத் தருவது பருமன். இனிமையைத் தருவது, அந்தக் கனத்திலும் வளைந்து கொடுக்கும் குணம்.